மீன் சாஸ்திரி டாக்டர் டே

திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பையும் அகரத்தையும் அடுத்து ஓடும் குடகனாறு, வருஷத்திற் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணலாகவே கிடக்கும். எனினும் அது தனித்துக் கிடக்கும் ஆறன்று. அதன் வெள்ளம் அமராவதியிற் சேருகிறது. அமராவதி கரூருக்குக் கிழக்கே காவிரியிற் சேருகிறது. காவிரியின் மிகுதி நீர் கொள்ளிடத்தின் வழியே கடலிற் போய் விழுகிறது. நீர் இறங்கும் வழியே மீன் ஏறும் வழியுமாகும். குளத்துச் சேற்றில் அகப்படும் விலாங்கு, கடலிற் பிறந்து, ஆற்றையும் வாய்க்காலையும் மடையையும் கடந்து ஏறி வந்த பிராணி என்பதை நேயர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்த வழியில் மீன் எங்கே தடைப்படுகிறது, யாரால் தடைப்படுகிறது என்று ஆராய்ந்து சர்க்காருக்கு எழுதி வைத்தவர் ஓர் ஆங்கிலேயப் பட்டாளத்து வைத்தியர். அவர் பெயர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிப் படிக்கப் புகுந்தவர் எவரும் அவருடைய நூலைத் தொடாமல் அடுத்த அடி வைக்க முடியாது. அவர் மீன்களுக்கு இட்ட பெயர்களை உலகம் ஏற்றுக்கொண்டது. அவர் சொன்ன யோசனைகளிலோ, கஜானாவுக்கு நஷ்டம் விளைக்காதவை மட்டுமே ஏற்கப்பட்டன.

டே 1829-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 2-ஆம் தேதி இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் பகுதியிலுள்ள மேரஸ்பீல்டு என்ற ஊரில், நிலபுலம் உள்ள குடும்பத்திற் பிறந்தார். லண்டனில் ஸெயின்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் மருத்துவம் பயின்று, 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி வைத்தியராக அமர்ந்தார். இரண்டாவது பர்மிய யுத்தத்திலும் ஊழியம் செய்தார். மீனை ஆராய அவரை எவரும் அனுப்பவில்லை.

நம் தேசத்துச் செடி கொடிகளையும் ஜீவராசிகளையும் பற்றிய நவீன சாஸ்திரம் பெரும்பாலும் பட்டாளத்து வைத்தியர்களின் கையில் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஊர் ஊராய் மாற்றப்படுவதும், மாதச் சம்பளம் தவறாமல் வருவதும், நோயாளிகள் குறைந்த நாட்களில் ஓய்வு கிடைப்பதும் அவர்களுக்கே வாய்த்தன. தென்னிந்திய நன்னீர் மீன்களைப் பற்றி 1849-இல் எழுதிய ஜெர்டனும் சென்னைப் பட்டாளத்து வைத்தியரே. கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் நூல் வெளியிட்ட ஹாமில்டன் புக்கானனும் கம்பெனி வைத்தியரே. இந்த ஹாமில்டனுக்கு நேர்ந்தது கவனிக்கத்தக்கது. 1815-இல் அவர் சீமைக்குத் திரும்புகையில், பல வருஷம் பாடுபட்டு எழுதுவித்த சித்திரங்களைக் கொண்டு போகக் கூடாதென்று கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபு தடுத்துவிட்டார். கம்பெனியின் சம்பளத்தில் எழுதப்பட்ட சித்திரம் கம்பெனியின் சொத்து என்பது வாதம். மீனைப் பார்த்தவர் ஓரிடத்திலும் மீனின் சித்திரம் ஓரிடத்திலுமாக அச்சாஸ்திரம் பிளவுபட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துக் கல்கத்தாவில் அச்சித்திரங்களைப் பார்வையிட்டு, அவற்றைப் பற்றி எழுதியவர்களில் டேயும் ஒருவர். அதே போன்றதொரு விதி தம் சேகரத்துக்கும் காத்திருந்ததை அவர் அப்போது அறியார்.

டேயின் மீன் வாழ்க்கை கொச்சியில் தொடங்கியது. அங்கே உத்தியோகத்தில் இருந்தபோது அந்த ராஜ்யத்தின் பழமையையும் நிலைமையையும் பற்றி 1863-இல் ஒரு நூலும், மலையாளக் கரை மீன்களைப் பற்றி 1865-இல் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் நீலகிரியிலும், அம்மலையடியில் ஓடும் பவானி முதலிய ஆறுகளிலும் மீன் சேர்த்து, புதிய இனங்கள் பலவற்றை 1867-இல் வெளியிட்டார். செம்படவர் மீனுக்கு வழங்கும் பெயரை அவர் கேட்டு எழுதிக்கொண்டார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவருடைய பெருநூலைப் புரட்டினால், லத்தீன் பெயருக்குக் கீழே தமிழ்ப் பெயரும் தெலுங்குப் பெயரும் மலையாளப் பெயரும் ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடக்கக் காணலாம். கெண்டை என்ற சொல்லைக் கண்டுபிடிக்கச் சற்றே சிரமப்பட வேண்டும்; ஆனால் அது அங்கே இருக்கிறது. பெயர் தெரிவித்த செம்படவனின் பெயர்தான் இல்லை.

இக்காலத்திலேயே அவர் நீலகிரி ஓடைகளில் இங்கிலாந்தின் டிரௌட் மீனைக் கொணர்ந்து வளர்க்கவும் முயன்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. மலை மேல் வாழ்ந்த வெள்ளைக்காரக் கனவான்கள் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்குரிய மீனைத் தேடுவதும், சமவெளி ஜனங்கள் உண்ணும் மீன் குறைவதேன் என்று ஆராய்வதும் ஒரே மனிதரின் வேலையாக இருந்தன. இவ்விரண்டில் எதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு முதலிற் கிடைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

அணைக்கட்டுக்களின் கதைக்கு வருவோம். கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அதன் கீழே கீழணையும் 1836-இல் கட்டி முடிக்கப்பட்டன. கோதாவரியில் தவளேசுவரம் அணை 1852-இல் முடிந்தது. கட்டியவர் ஸர் ஆர்தர் காட்டன். தஞ்சை ஜில்லாவின் விளைச்சலையும் நிலவரியையும் இவ்வணைகள் நிலைப்படுத்தின, அதை மறுப்பாரில்லை. ஆனால் ஆற்றின் குறுக்கே சுவர் எழுப்பினால், கடலிலிருந்து முட்டையிட ஏறி வரும் மீன் எங்கே போகும்? இக்கேள்வியை 1867-இல் இந்தியா மந்திரியின் முன் வைத்தவர் வேறு யாருமல்லர். ஸர் ஆர்தர் காட்டனேதான். அணையைக் கட்டிய கையே அணையினால் மீனுக்குக் கேடு விளையக்கூடும் என்றும் எழுதியது. அதன் பயனாகவே சென்னை ராஜதானியில் மீன் விசாரணை பிறந்தது. அவ்வேலை டேயிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆற்று மீனைப் பற்றிய சர்க்கார் ஆராய்ச்சி, பாசன இலாகாவின் கணக்குப் புஸ்தகத்தில் ஓர் ஓரக் குறிப்பாகவே இங்கு ஜனித்தது எனலாம்.

டே ஆற்றுக்கு ஆறு சென்று பார்த்தார். வங்காளத்தார் இலீஷ் என்று கொண்டாடும் மீனே நம் உல்லம். அது கடலில் வளர்ந்து, புது வெள்ளம் வரும் காலத்தில் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறுவது. அணையடியில் வந்து முட்டி, மேலே தாண்ட வழியின்றி அங்கேயே திரளும். திரண்ட இடத்தில் வலைக்காரர் காத்திருப்பர். சினையோடு பிடிபடும் மீன் அவ்வளவும் மறு வருஷத்துக்கு இல்லாமற் போகும். இதற்கு டே கூறிய பரிகாரம் எளியது. அணையில் மீன் ஏறுவதற்குப் படிப்படியான வழி விட வேண்டும்; அணையடியில் மீன் பிடிப்பதைத் தடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இது புதிய யோசனையும் அன்று. அங்கே ஸால்மன் என்ற மீனும் உல்லத்தைப் போலவே கடலிலிருந்து ஆற்றில் ஏறுவது. ஆலைக்காரர் கட்டிய அணைகளால் அது குறைகிறதென்று கண்டு, 1861-இல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றி, பார்வையிடும் உத்தியோகஸ்தர்களையும் நியமித்தது. ஸால்மன் ஏறும் ஆற்றங்கரைகள் பிரபுக்களுக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் உரிமையானவை. அந்த மீனுக்குப் பார்லிமெண்டில் வாய் இருந்தது. உல்லத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. மீன் வழிக்காக ஆகும் செலவும், அவ்வழியே வீணாகும் நீருமே இங்கு பெரிதாகப் பேசப்பட்டன. இரு மீன்களின் இயல்பும் ஒன்றே. அவை ஏறிய ஆறுகளின் அரசியல்தான் வேறு.

1871-இல் டே இந்தியா முழுமைக்கும் மீன் இலாகா இன்ஸ்பெக்டர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். ஒரிஸ்ஸா, வங்காளம், பர்மா, பஞ்சாப், சிந்து முதலிய பகுதிகளையும் சுற்றிப் பார்த்தார். தாம் போக முடியாத இடங்களுக்குக் கேள்வித் தாள் அனுப்பினார். கலெக்டர்கள், தாசில்தார்கள் முதலிய உத்தியோகஸ்தர் பதில் எழுதினர். எத்தனை பேர் மீன் பிடிக்கிறார்கள், வலைக் கண் எவ்வளவு சிறியது, மீன் முன்னைவிடக் குறைந்ததா என்பன போன்ற விவரங்கள் எல்லாம் நிலவரி வசூலிக்கும் அதே கைகளின் மூலம் வந்து சேர்ந்தன. தாசில்தார் கேட்டால் செம்படவன் என்ன சொல்லுவான்? புதிய வரி ஏதோ வருகிறது என்று அஞ்சியே பாதிப் பதில் சொல்லியிருப்பான் என்பது நம் அபிப்பிராயம். ஆதலின், அந்த அறிக்கையின் தகவல்களை முழு உண்மை என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அதற்கு முன் இருந்தது இதிற் கால் பங்கும் இல்லை.

1873-இல் வெளிவந்த அவ்வறிக்கையில் டே கண்டு கூறிய விஷயங்கள் நம் ஊர்களில் கண்ணாற் காணக்கூடியவையே. முதல் மழையில் கெண்டையும் கெளுத்தியும் வாய்க்கால் வழியே வயலுக்கு ஏறி முட்டையிடும். ஏறும்போது மடைவாயிற் பறி வைத்துத் தாயைப் பிடிப்பர். நீர் வடியும்போது அதே மடையிற் பறியைத் திருப்பி வைத்துக் குஞ்சைப் பிடிப்பர். வற்றிய குட்டையில் ஊத்தாவைக் கவிழ்த்து எஞ்சியதையும் எடுப்பர். இவற்றைத் தடுக்க, வலைக் கண்ணுக்கு ஓர் அளவு விதிக்க வேண்டும், மடைகளில் நிலையான பொறி வைப்பதை விலக்க வேண்டும், நஞ்சு கலப்பதைத் தண்டிக்க வேண்டும் என்று டே எழுதினார். சுதேச மன்னர் காலத்தில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் குத்தகையும் கட்டுப்பாடும் இருந்தன என்றும், ஆங்கில ஆட்சி அவற்றைக் கைவிட்டுப் பல இடங்களில் யாவரும் எப்படியும் பிடிக்கலாம் என்று விட்டதே அழிவுக்கு ஒரு காரணம் என்றும் அவர் கருதினார்.

இவ்விஷயத்தில் டே சொன்னதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஏரி மீனின் குத்தகைப் பணத்தைப் பாசிப்பாட்டம் என்று சாஸனங்கள் குறிக்கின்றன. மதுரை, திண்டுக்கல் பக்கங்களில் இன்றும் மீன்பாசி ஏலம் என்றே சொல்லுகிறோம். அப்பணத்தை அதே ஏரியைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்தச் செலவிட வேண்டும் என்ற ஏற்பாடும் பல ஊர்களில் இருந்தது. மீனால் ஏரி பிழைத்தது. ஏரியால் மீன் பிழைத்தது. குளத்துப் பராமரிப்பு ஊராரிடமிருந்து சர்க்கார் கைக்கு மாறியபோது இந்தத் தொடர்பு தளர்ந்தது. இதை வலைக் கண்ணின் அளவு ஒன்றினால் மட்டும் சரி செய்துவிட முடியாது.

அக்காலத்துக் கலெக்டர்கள் பலர் டேயின் யோசனையை எதிர்த்தார்கள். ஏழைகளின் உணவிற் கை வைப்பதாகும், கீழ்த்தரச் சேவகர்கள் இச்சட்டத்தைக் காட்டிச் செம்படவரை வதைப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். இக்காரணம் பொய்யன்று, சேவகனின் கையில் எந்த விதியும் எப்படி உருமாறும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அதே உத்தியோகஸ்தர்கள், ஏழையின் உப்புக்கு வரி விதித்தபோது இந்த இரக்கத்தைக் காட்டவில்லை. டேயிடமும் ஒரு குறையுண்டு. அணையின் கேட்டையும் பறியின் கேட்டையும் அவர் இரண்டையுமே எழுதினார். ஆனால் பறி வைத்தவனுக்குத் தண்டனையையும், அணை கட்டிய இலாகாவுக்கு ஆலோசனையையும் சிபார்சு செய்தார். சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் வேறு எப்படி எழுத முடியும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

பலன் என்னவாயிற்று? டே ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்பியது 1877-இல். அப்போது சென்னை ராஜதானியில் தாது வருஷத்துப் பஞ்சம் உச்ச நிலையில் இருந்தது. மதுரை ஜில்லாவும் அதில் தப்பவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 1879-இல், இந்த ராஜதானியில் மீனைப் பாதுகாக்க ஒரு சட்டம் பிறந்தது. அது நீலகிரி ஜில்லாவுக்கு மட்டும் உரிய வேட்டைப் பிராணிகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம்! துப்பாக்கியும் தூண்டிலும் பிடிக்கும் கனவான்களின் மலைக்கு முதலிற் சட்டம். பஞ்சம் பிடித்த சமவெளியின் கெண்டைக்கு இன்னும் பதினெட்டு வருஷம் பொறுக்க வேண்டியிருந்தது. 1897-இல் வந்த இந்திய மீன் சட்டம் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் குற்றமாக்கி, மற்றவற்றை மாகாண சர்க்கார்களின் இஷ்டத்துக்கு விட்டது. டே அதைக் காண உயிரோடில்லை.

அவருடைய யோசனைகளில் ஓரளவு நிறைவேறியது உப்பைப் பற்றியது. கடல் மீனைப் பற்றி அவர் தனியே அறிக்கை எழுதினார். கரையிற் குவியும் மீனில் ஒரு பங்கைத்தான் அன்றன்றே தின்ன முடியும். மிச்சத்தை உப்பிட்டுக் காய வைத்தால்தான் திண்டுக்கல் போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்கு வந்து சேரும். உப்புக்கோ வரி. கரையோரத்தில் தானாகப் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டினாலும் தண்டனை. ஆகவே செம்படவர் உப்பில்லாமலே மணலிற் காய வைத்தனர். புழுத்தும் அழுகியும் போன அந்தக் கருவாட்டைத் தின்றவர் நோயுற்றனர். வைத்தியரான டேயின் கண்ணுக்கு இது நன்றாகத் தெரிந்தது. மீன் உப்பிடுவோருக்கு வரியில்லா உப்பை மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1870-களில் சென்னை ராஜதானிக் கரைகளில் இதற்கென வேலியடைத்த களங்கள் திறக்கப்பட்டன. உப்பு இலாகாவின் காவலில் அங்கேயே நிறுத்து, அங்கேயே மீனுக்கு இட்டு, அங்கேயே உலர்த்த வேண்டும். கைப்பிடி உப்பும் வீட்டுக்குப் போகக் கூடாது.

இந்தச் சலுகை மட்டும் ஏன் கிடைத்தது என்று சற்று ஆராய்ந்தால் விஷயம் விளங்கும். அதிக விலை கொடுத்து உப்பு வாங்கிக் கருவாடு போட எவராலும் முடியவில்லை. ஆதலால், அந்த உப்புக்கு வரியைத் தள்ளுவதால் சர்க்காருக்குப் பெரும் நஷ்டம் இல்லை. கள்ள உப்பு குறைவது லாபமே. பொது ஜனங்களின் உப்புக்கு விதித்த வரியோ குறையவில்லை. டே இறப்பதற்கு முந்திய வருஷமான 1888-இல் அது மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்ற தொண்டர்கள் அள்ளிய உப்பின் வரலாற்றில், கருவாட்டு உப்பின் இச்சிறு அத்தியாயமும் அடங்கும்.

சீமையில் டே தம் பெருநூலை முடித்தார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'இந்தியாவின் மீன்கள்' என்ற அந்நூலில், ஏறக்குறைய 200 சித்திரத் தாள்கள் உள்ளன. பின்னர் இந்தியா மந்திரியின் ஆதரவில் வெளியான ஜீவராசி நூல் வரிசையில், மீன்களுக்குரிய இரண்டு பாகங்களையும் அவரே எழுதினார். அவற்றில் 1,400-க்கு மேற்பட்ட இனங்கள் இடம் பெற்றன. பிரிட்டிஷ் தீவுகளின் மீன்களைப் பற்றியும் ஒரு நூல் செய்தார். 1885-இல் ஸி.ஐ.இ. பட்டம் பெற்றார்.

ஆயினும் சாஸ்திர உலகத்திலும் அதிகார பீடங்கள் உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் மீன் சேகரத்துக்கு அதிபதியாக இருந்தவர் ஆல்பெர்ட் குந்தர். உலகத்து மீன்களுக்கெல்லாம் எட்டுப் பாகங்களில் ஜாபிதா எழுதியவர். மீனை ஆற்றங்கரையில் உயிரோடு பார்த்தவர் டே. சாராயப் புட்டியிற் பார்த்தவர் குந்தர். எது தனி இனம், எது முன்பே பெயரிட்ட இனம் என்பதில் இருவருக்கும் தீராத பகை மூண்டது. கடைசியில் டே தம் மாதிரிகளைப் பல இடங்களுக்குப் பங்கிட்டார். 1883-இல் ஒரு முக்கியமான பகுதியை ஆஸ்திரேலியாவில் ஸிட்னி மியூஸியத்துக்கு விற்றுவிட்டார். இன்னும் சில கல்கத்தாவிலும், ஹாலந்தின் லெய்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களிலும் உள்ளன. குந்தரின் கோட்டையான லண்டனுக்கும் ஒரு பகுதி 1889-இல்தான் போய்ச் சேர்ந்தது. ஓர் இனத்தை நிச்சயிக்க வேண்டுமானால் பெயரிடப் பயன்பட்ட மூல மாதிரியைப் பார்த்தாக வேண்டும். நம் ஆற்று மீன் ஒன்றின் பெயரில் சந்தேகம் எழுந்தால் ஸிட்னிக்கோ லெய்டனுக்கோ எழுதிக் கேட்கும் நிலை இவ்வாறே நம் ஆராய்ச்சியாளர்களுக்கு நேர்ந்தது.

1889-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ஆம் தேதி செல்ட்டன்ஹாம் நகரில், தமது அறுபதாவது வயதில் டே காலமானார்.

சென்னை ராஜதானிக்குத் தனி மீன் இலாகா ஏற்பட 1907 வரை ஆயிற்று. ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் அதை அமைத்தார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதற்கு மேலே உல்லம் ஏறுவது அத்தோடு நின்றது; முட்டையிட இடம் மாறும் மற்றக் காவிரி மீன்களும் குறைந்தன. டே பவானியிலிருந்து பெற்று 1867-இல் பெயரிட்ட ஒரு பெரிய கெண்டை இனமும் அவற்றில் ஒன்று. மறு பக்கம், கோதாவரியின் கட்லா மீன் 1920-களில் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பெருகியது. சீக்கிரம் வளர்ந்து அதிக எடை தரும் மீனையே இலாகாவின் கணக்கு விரும்பும். ஆராய்ச்சியும் அதன் பின்னே சென்றது. ஆப்பிரிக்காவின் திலேப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு அது இன்று கிராமக் குளங்களிலும் பரவியிருக்கிறது.

குடகனாற்றுப் பள்ளத்தாக்கில், திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியதை விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியுள்ளார்கள். அவர்கள் அளந்தது கிணற்று நீரின் உப்பையும் குரோமியத்தையும். குளத்தை ஏலம் எடுப்பவர் கட்லாவையும் ரோகுவையும் பண்ணையிலிருந்து விலைக்கு வாங்கி விடுகிறார். விட்ட குஞ்சுக்கும் பிடித்த எடைக்கும் அவரிடம் கணக்கு இருக்கிறது. முதல் மழையில் வாய்க்காலில் தானாக ஏறி வரும் கெண்டையும், அயிரையும், கெளுத்தியும், விராலும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவற்றின் பெயரும் உருவமும் அறிய வேண்டுமானால், இன்னமும் டேயின் நூலைத்தான் முதலிற் பிரிக்க வேண்டியிருக்கிறது.